விருந்தாளித் தீர்மானம்

லபியோக் தீவில் காற்று நின்று பதினேழு நாள் ஆகியிருந்தது. கடல் கஞ்சி மாதிரி அசையாமல் கிடந்தது. சூடும் கஞ்சியின் சூடுதான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, விற்பதற்காகப் பாசி வளர்க்கும் கயிற்றைத் தூக்கிப் பார்த்தால், கொத்துக் கொத்தாகப் பழுப்பும் பச்சையுமாகத் தொங்கவேண்டிய பாசிக் கிளைகளில் விரல்நுனி அளவுக்கு வெள்ளை விழுந்திருந்தது. மறுநாள் அந்த வெள்ளை ஒரு சாண் ஏறும். மூன்றாம் நாள் கிளை கழன்று தண்ணீரோடு போகும். வெளுப்பு என்று அதற்குப் பெயர். வெளுப்பு வந்த வருஷம் தீவில் கல்யாணங்கள் தள்ளிப்போகும், ஓட்டைக் கூரைகள் ஓட்டையாகவே இருக்கும், திருவிழாவுக்குப் பன்றி அடிக்கிறவர்கள் கோழி அடிப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை மௌரோவும் அவன் மகள் ஜோவெலினும் கடலுக்குள் தங்கள் பாசிப் பாத்தியில் இறங்கி, வெளுத்த கிளைகளை ஒடித்து எறிந்துகொண்டிருந்தார்கள். மௌரோவுக்கு நாற்பத்தொரு வயது. பாசி வளர்ப்போர் சங்கத்தின் காரியதரிசி. அழகான கையெழுத்து என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு அவனிடம் வேறு தகுதி கிடையாது. மனைவி எடிதா நான்கு வருஷமாக ஹாங்காங்கில் யாரோ ஒருவருடைய இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தாள். இங்கே அவள் பிள்ளைக்கு அதையெல்லாம் மௌரோ செய்தான். சோறு பதமாக வைப்பான். கருவாட்டைத் தீயவிடாமல் பொரிப்பான். தலை பின்னவும் கற்றுக்கொண்டான். பாசிக் கயிறு முறுக்குகிற கை என்பதால் அவன் பின்னிய பின்னல் மூன்று நாளானாலும் அவிழாது. மகளுக்குத்தான் கண் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும்.

படகு கரை தட்டியதும் மௌரோ குதித்து இழுத்தான். பன்னிரண்டரை வயது ஜோவெலின் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இறங்கும்மா."

"நீங்க போங்கப்பா. நான் அப்புறம் வர்றேன்."

"வெயில் மண்டையைப் பொளக்குது. தனியாப் படகுல உக்காந்து என்ன பண்ணப்போறே?"

"சும்மா."

அப்போதுதான் அவள் காலடியில் பலகை சிவந்திருப்பதை மௌரோ பார்த்தான். அந்தக் கடலில் இறங்குகிறவர்களுக்கு ரத்தத்தைப் பார்த்தால் முதலில் நினைவு வருவது மணலுக்கடியில் படுத்திருக்கும் திருக்கைதான். அதன் வால்முள் குத்தினால் பெரிய ஆள்கூடக் கதறுவான்.

"திருக்கையா? எந்தக் கால்ல? காட்டு."

"அப்பா, திருக்கை இல்ல. நான் சொல்றதைக் கேளுங்க."

"பேசாதே. பேசினா விஷம் ஏறும்."

இதை அவனுக்கு யார் சொன்னார்கள் என்று பின்னாளில் கேட்டபோது அவனுக்கே தெரியவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். கரையிலிருந்து சுகாதார நிலையத்துக்கு ஊரின் ஒரே தெரு வழியாகத்தான் போகவேண்டும். "திருக்கை குத்திடுச்சு, திருக்கை குத்திடுச்சு" என்று கத்திக்கொண்டே போனான். நடுப்பகல். எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அவன் பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்தது. சுடுதண்ணீரில் விடு என்றது ஒரு குரல். காடி ஊற்று என்றது இன்னொரு குரல். சிறுநீர்தான் கைகண்ட மருந்து என்றார் ஒருவர். அதற்கு அங்கேயே தயாராகவும் இருந்தார். ஜோவெலின் தலைகீழாகத் தொங்கியபடி, "அப்பா இறக்கி விடுங்க, அப்பா இறக்கி விடுங்க" என்று அவன் முதுகில் குத்திக்கொண்டே போனாள். அதை அவன் விஷத்தின் வேகம் என்று எடுத்துக்கொண்டான்.

நர்ஸ் ரெமி கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தக் கால்ல குத்துச்சுன்னு சொன்னே?"

"ரெண்டையும் பாத்தேன். கண்டுபிடிக்க முடியல."

"திருக்கை மேல பழி போடாதே, மௌரோ. உன் பொண்ணு பெரியவளாயிட்டா. அவ்வளவுதான்."

வாசலில் நின்ற முப்பது பேரும் ஒருசேர வானத்தைப் பார்த்தார்கள். மழை வருமா என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டார். ஒரு நிமிஷத்தில் வாசல் காலியானது.

அன்றிலிருந்து ஜோவெலின் அப்பாவிடம் பேசவில்லை. சொல்லவேண்டியதை நோட்டிலிருந்து கிழித்த காகிதத்தில் எழுதிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். முதல் சீட்டில் 'சோறு வேண்டாம்' என்று இருந்தது. இரண்டாவதில் 'இனிமேல் தலையை நானே பின்னிக்கொள்வேன்'. மூன்றாவதில் நாப்கின் வேண்டும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

தீவில் ஒரே பெட்டிக்கடை தோயாங்குடையது. அறுபத்தொரு வயது விதவை. கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில்தான் ஊர்ப் பெண்களெல்லாம் காலையில் கூடிப் பாசி நாற்றுக் கட்டுவார்கள். மௌரோ கடைமுன் நின்று உப்பு வாங்கினான். தீப்பெட்டி வாங்கினான். இன்னொரு தீப்பெட்டி வாங்கினான்.

"நாங், அது ஒண்ணு வேணும்," என்றான். தன்னைவிட மூத்த பெண்ணை அங்கே நாங் என்றும், ஆணை நோங் என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"வேணும்தான். வாங்க இவ்வளவு நேரமா? சிறகு வச்சதா, வைக்காததா?"

"சிறகு எதுக்கு?"

"பறக்கறதுக்கு."

மௌரோ யோசித்தான். "பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போறா."

தோயாங் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டி, சிறகு எங்கே மடியும், எது பகலுக்கு, எது ராத்திரிக்கு, எத்தனை மணிக்கு ஒருதரம் மாற்ற வேண்டும் என்று வலைக்குக் கண்ணி போடச் சொல்லிக்கொடுப்பவள் மாதிரி சொன்னாள். மௌரோ தெருவையே பார்த்துக்கொண்டு கேட்டான். கேட்டது எல்லாம் நினைவில் நின்றது. அதுதான் அவனுக்கு ஆச்சரியம்.

பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரும்பும்போது பக்கத்து வீட்டுக் கார்டிங் எதிரே வந்தான். ஐந்து பிள்ளைக்காரன்.

"வயித்துல என்னடா?"

"ரொட்டி."

"ஒண்ணு குடு."

"உனக்கு ஆகாது," என்று மௌரோ நடையைக் கூட்டினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் சங்கத்துக் கூட்டம். தகரக் கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில் ஆண்கள் இருபத்தெட்டுப் பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் நோங் கிரினோ வளையத்துக்கு நேர்கீழே நாற்காலி போட்டிருந்தார். அறுபத்தாறு வயது. தீவின் வடக்கு முனையில் பெரிய பாத்தி அவருடையதுதான். அதில் ஒரு பெண்ணைக்கூடக் கால்வைக்க விட்டதில்லை என்பதை அவர் ஞானஸ்நானம், சாவு, கல்யாணம் எல்லாவற்றிலும் சொல்லிவந்தார்.

"வெளுப்புக்குக் காரணம் இருக்கணும்," என்றார் கிரினோ. "நேத்துக் கடல்ல ஒண்ணு நடந்துச்சு. யார்னு பேர் சொல்லப்போறதில்ல."

எல்லாரும் மௌரோவைப் பார்த்தார்கள்.

"நோங், வெளுப்பு அதுக்கு முன்னாடியே வந்தாச்சு," என்றான் மௌரோ.

"முன்னாடி வந்தது கொஞ்சம். இனிமே வரப்போறதுதான் நிறைய. நீ எழுது. இன்று முதல், அது இருக்கும் பெண்கள் பாசிப் பாத்தியில் இறங்கக்கூடாது, நாற்றைத் தொடக்கூடாது."

மௌரோ பேனாவை எடுத்தான். வைத்தான். "அதுன்னா என்னன்னு எழுதட்டும்?"

"அதுன்னா அதுதான்."

"தீர்மானத்தோட நகல் டவுன்ல மீன்வள ஆபீசுக்குப் போகுது நோங். எதுன்னு கேப்பாங்க."

கடைசியில் கிரினோவே வழி சொன்னார்.

"எங்க வீட்ல விருந்தாளி வந்திருக்குன்னு சொல்லுவாங்க. மரியாதையான வார்த்தை. விருந்தாளின்னு போடு."

"எத்தனை நாளைக்கு?"

"என்ன எத்தனை நாள்?"

"விருந்தாளி எத்தனை நாள் இருக்கும்? தடை எத்தனை நாளைக்குன்னு எழுத வேணாமா?"

கிரினோ கார்டிங்கைப் பார்த்தார். கார்டிங் ஐந்து பிள்ளைக்காரன் என்ற முறையில் தொண்டையைச் செருமினான். "மூணு நாள். முதல்தடவை வரும்போது மாடிப்படியோட மூணாவது படியிலேர்ந்து குதிக்க வச்சா மூணு நாள்தான். எங்கம்மா சொல்லுவாங்க."

"எங்க வீடு தரைவீடு. படியே இல்ல," என்றது பின்பெஞ்சு.

"அப்ப உங்க வீட்ல எத்தனை நாளு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமின்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"அப்படின்னா எல்லாருக்கும் ஒரே நாள்லயா?"

"நண்டுக்கு அப்படித்தான்."

மௌரோ எழுந்து நின்றான். "நோங், நமக்கு யாருக்குமே ஒண்ணும் தெரியல. ரெமிகிட்டப் போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா எழுதலாமே."

"ஆம்பளை போய் இதையா கேக்கறது?" கிரினோவுக்கு முகம் சிவந்தது. "எங்கப்பனுக்குத் தெரியாது. அவனோட அப்பனுக்கும் தெரியாது. பிள்ளை பெறாமலா இருந்தாங்க? சில விஷயம் வீட்ல பொம்பளைங்களோட இருக்கறவரைக்கும்தான் மரியாதை."

"தெரியாத விஷயத்துக்கு எப்படித் தடை போடறது?"

"தடைபோடத் தெரியணும்னு அவசியமில்ல. சுறா இருக்கு, இறங்காதேங்கறோம். அதோட பல்லை எண்ணிப் பாத்துட்டா சொல்றோம்?"

பெஞ்சுகளில் தலைகள் ஆடின. சுறா எல்லாருக்கும் விளங்கியது. மௌரோ இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். உட்கார்ந்துவிட்டான். பேனா கையிலிருந்தது, கை எழுதிவிட்டது. 'விருந்தாளி வந்திருக்கும் பெண்கள் பாசிப் பாத்தியில் இறங்குவதும் நாற்றுகளைத் தொடுவதும் தடை செய்யப்படுகிறது.' விருந்தாளி யார் வீட்டில் வந்திருக்கிறது என்று விசாரித்துப் பதிவேடு வைக்கும் பொறுப்பும் காரியதரிசிக்கே வந்தது.

புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். திரும்பி வந்தபோது அதன்மேல் ஒரு சீட்டு இருந்தது.

'கையெழுத்து அழகாக இருக்கிறது.'

மௌரோ அந்தச் சீட்டை நிறைய நேரம் கையில் வைத்திருந்தான். யாராவது திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

மாலையில் எடிதாவின் போன் வந்தது. ஞாயிறு ஒருநாள்தான் அவளுக்கு லீவு. சனிக்கிழமைக் கதை அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. லபியோக்கிலிருந்து ஹாங்காங்குக்குப் போன ஏழு பெண்களுக்கும் போயிருந்தது.

"தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினியாமே?"

"திருக்கைன்னு நினைச்சேன்."

அவள் சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்தான். பிறகு வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான். "எடிதா, அது வலிக்குமா?"

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தான்.

"பதினாலு வருஷம் கழிச்சுக் கேக்கறே," என்றாள்.

"கேக்கணும்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

"எனக்கு முதல்நாள் நிமிர முடியாது. இங்க வீட்டம்மாகிட்டத் தலைவலின்னு சொல்லுவேன். அங்க இருக்கும்போது உங்கிட்டயும் தலைவலின்னுதான் சொன்னேன்."

"நான் உனக்குத் தைலம் தேச்சுவிடுவேனே. நெத்தியில, பொடனியில."

"ஆமா. நல்லாத் தேய்ப்பே. வலிச்சது வயிறு."

எத்தனை தைல பாட்டில் என்று மௌரோவின் மனசு எண்ணப் பார்த்தது.

"ஏன் சொல்லல?"

"எங்கம்மா எங்கப்பாகிட்டச் சொன்னதில்ல. நானும் சொல்லல. சரி, பிள்ளைகிட்டப் போனைக் குடு. அவளையாவது தலைவலின்னு சொல்ல வச்சிராதே."

ஜோவெலின் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நடுநடுவே சிரிப்பு கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மௌரோவுக்குத் தெரியும். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை பதிவேட்டை எடுத்துக்கொண்டு தோயாங்கின் கொட்டகைக்குப் போனான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கயிற்றை மடியில் போட்டு, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு நாற்றை நாரால் சுருக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஒருபக்கம் ஓட, விரல்கள் தாமாக ஓடின. விஷயத்தைச் சொல்லத் தொடங்கினான். முடிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"என் பேரை முதல்ல எழுது," என்றாள் தோயாங். "வயசு அறுபத்தொண்ணு. இருக்கு."

"நாங், உங்களுக்கு எப்படி..."

"நின்னு பத்து வருஷமாச்சு. திரும்ப வராதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது."

"கிரினோவுக்குத் தெரியுமா?"

"அவருக்கும் தெரியாது."

"அப்ப எழுதிக்கோ. எதுக்கு ரிஸ்க் எடுக்கணும். பாசி பாழாயிடும்."

அடுத்தவள் தன் பேரைச் சொன்னாள். அதற்கடுத்தவளும் சொன்னாள். நாற்பத்து மூன்று பேர் எழுதியாயிற்று. கிரினோவின் மனைவி சிலிங், முழங்கால் வலியோடு ஒரு குச்சியை ஊன்றி வந்து, "என்னை விட்டுட்டீங்களே," என்று நாற்பத்து நாலாவதாகச் சேர்ந்தாள். பிறகு எல்லாரும் மடியிலிருந்த கயிறுகளை மடித்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

"எத்தனை நாளைக்கு நாங்?" என்று மௌரோ கேட்டான்.

"தீர்மானத்துல எத்தனை நாள்னு போட்டிருக்கு?"

"போடல."

"அப்ப போடறவரைக்கும்."

செவ்வாய்க்கிழமை ஆண்கள் நாற்றுக் கட்டினார்கள். சின்ன விஷயம்தானே என்றுதான் உட்கார்ந்தார்கள். படகைக் கட்டிப் பழகிய கை. இறுக்கினால் நாற்று இரண்டாக அறுந்தது, தளர்த்தினால் நழுவியது. மத்தியானத்துக்குள் கார்டிங் ஒன்பது நாற்றுக் கட்டியிருந்தான். அதில் இரண்டு தன் சட்டைப் பொத்தானோடு சேர்ந்து கட்டியது. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நால்வர் மல்லாந்து படுத்தார்கள். கட்டியதைப் புதன்கிழமை கடலில் விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை கயிறுகள் மொட்டையாக நின்றன. எதிரேயிருந்த தீவிலிருந்து ஒரு படகு வந்து, நல்ல நாற்றாக நிறையக் கரையொதுங்கியிருக்கிறது, யார் அனுப்பியதோ அவர்களுக்கு ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டுப் போனது.

அந்த நாலு நாளும் மௌரோ நாற்றுக் கட்டப் போகவில்லை. படகை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்தியாகப் போனான். உங்கள் பாத்தியில் முதல் வெள்ளை என்றைக்குத் தெரிந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டான். சாயங்காலங்களில் சுகாதார நிலையத்துக்குப் போய் ரெமியிடம் உட்கார்ந்தான். முதல்நாள் அவன் ஜன்னலைப் பார்த்தே கேட்டான். இரண்டாம் நாள் அவள் மேஜையைப் பார்த்தான். மூன்றாம் நாள், "மூணுலேர்ந்து ஏழு நாளா? அது எப்படி ஆளுக்கு ஆள் மாறும்?" என்று முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டான். ஆரம்பத்தில் மாதம் தவறித் தவறித்தான் வரும், அதற்காகத் தூக்கிக்கொண்டு ஓடிவராதே என்று ரெமி தனியாக ஒருதரம் சொன்னாள்.

சனிக்கிழமை டவுனிலிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பெண்களும் வந்து மைதானத்தின் மறுபக்கத்தில் நின்றார்கள். மௌரோ கடிதத்தை வாசித்தான்.

"'தங்கள் தீர்மானம் கிடைத்தது. விருந்தாளி வந்திருக்கும் வீட்டுப் பெண்கள் கடலில் இறங்கக்கூடாது என்பதன் காரணம் இந்த அலுவலகத்துக்கு விளங்கவில்லை. சுற்றுலா வருகிறவர்கள்மீது ஏதேனும் புகார் இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கவும். வெளுப்பைப் பொறுத்தவரை, காற்றில்லாமல் தண்ணீர் சூடேறியதே காரணம். ஆழமில்லாத, ஒதுக்கமான பாத்திகளில் முதலில் வரும். கயிறுகளை ஆழத்துக்கு மாற்றவும்.'"

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. கிரினோ கையை உயர்த்தி அடக்கினார். "ஆபீஸ்ல உக்காந்திருக்கறவனுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?"

"அதான் நோங், நானே விசாரிச்சேன்," என்றான் மௌரோ. தெற்குப் பாத்திகளில் எந்தத் தேதி, கிழக்கில் எந்தத் தேதி என்று ஒவ்வொன்றாகப் படித்தான். "எங்க பாத்தி வெளுத்தது பதினோராவதாத்தான். எல்லாத்துக்கும் முதல்ல வெளுத்தது வடக்கு முனை. என் பொண்ணு படகுல உக்காந்த அன்னிக்குப் பத்து நாள் முன்னாடி. அது உங்க பாத்தி நோங்."

"அதுக்கு?"

"அந்தப் பாத்தியில பொம்பளைங்க யாரும் இறங்கினதில்லன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இறங்கறது நீங்க ஒருத்தர்தான்." மௌரோ பதிவேட்டைத் திறந்தான். "தீர்மானப்படி உங்க பேரையும் இதுல எழுதணுமா?"

கார்டிங் பெஞ்சிலிருந்து விழுந்தான். அவனைத் தூக்க வந்தவனும் தூக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது சிலிங்தான். ஊன்றுகோலைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். கிரினோ எழுந்து போய்விடுவார் என்று மௌரோ எதிர்பார்த்தான். அவர் போகவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். மௌரோவுக்கு மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது.

அந்த நேரம் பார்த்து ரெமி ஒரு படத்தைக் கூடைப்பந்துக் கம்பத்தில் மாட்டினாள். மௌரோதான் வரச்சொல்லியிருந்தான். மீனை எப்படி அறுப்பது என்று சொல்கிற குரலில், எது எங்கே இருக்கிறது, எதற்காக வருகிறது, எத்தனை நாள், ஏன் வலிக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆண்கள் முதலில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பிறகு படத்தின் ஓரத்தைப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் படத்துக்கே வந்தார்கள்.

"சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்றாள் ரெமி.

ஒரு கை மெல்ல உயர்ந்தது. கிரினோவின் கை.

"என் பொண்டாட்டி அப்பல்லாம் மாசத்துல ரெண்டு மூணு நாள் முகம் குடுத்துப் பேசமாட்டா," என்றார். "நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சுக்குவேன். என்ன தப்புன்னு கேட்டா இன்னும் மூஞ்சியைத் திருப்பிக்குவா. அதனால கேக்கறதில்ல. ஒரு கோழி அடிச்சு, இஞ்சி நிறையத் தட்டிப்போட்டு, பச்சைப் பப்பாளி போட்டு நானே சாறு வச்சுக் குடுத்துருவேன். இருபத்தஞ்சு வருஷம் அப்படித்தான்." அவர் நிறுத்தினார். "அப்ப அது கோவம் இல்லையா?"

"இல்ல நோங்," என்றாள் ரெமி. "வலி."

கிரினோ மைதானத்தின் மறுபக்கம் திரும்பினார். "ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா கோழி வந்திருக்குமா?" என்றாள் சிலிங்.

இந்தமுறை சிரித்தவர்களோடு கிரினோவும் சேர்ந்துகொள்ளப் பார்த்தார். சரியாக வரவில்லை. சிலிங் சிரிப்பு அடங்கக் காத்திருந்துவிட்டுச் சொன்னாள். "சாறு நல்லாத்தான் வைப்பீங்க. எனக்கு நின்னு பதினாலு வருஷமாச்சு. அதோட கோழியும் நின்னுபோச்சு."

"நீ கோவப்படறதை விட்டுட்டேன்னு சந்தோஷமா இருந்தேனே."

"அதுவும் எனக்குத் தெரியும்."

கிரினோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, காரியதரிசியிடம் எழுது என்றார். போன வாரத் தீர்மானம் ரத்து. கயிறுகள் ஆழத்துக்கு மாற்றப்படும். கொட்டகையில் நாற்றுக் கட்டுகிற பெண்களில் யாருக்காவது மாதவிடாய் காரணமாக ஓய்வு வேண்டுமானால், கேள்வி இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அந்த வார்த்தை வரும்போது ஒரு மூச்சு நிறுத்தி, பள்ளம் தாண்டுகிறவர் மாதிரி தாண்டினார். தாண்டிய பிறகு எல்லாருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

அன்று மௌரோ தீர்மானப் புத்தகத்தை வீட்டு மேஜையில் திறந்தே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனான். முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. பக்கம் புரண்டது.

"ஒரு எழுத்து விட்டுப்போச்சுப்பா," என்றாள் ஜோவெலின்.

"எங்க?"

"இங்க. தள்ளுங்க, நானே போடறேன்."

காற்று அடுத்த வாரம் வந்தது. முதலில் தென்னை உச்சியில், பிறகு தண்ணீரில். பெண்கள் கொட்டகைக்குத் திரும்பினார்கள். பாத்திகளை ஆழத்துக்கு மாற்றியதால் இனி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வேலைசெய்ய முடியாது, எல்லாம் படகில்தான். போன பாசி போனதுதான். புது நாற்றுக் கிளைவிட ஆறு வாரமாவது ஆகும். அதுவரை மரவள்ளிக் கிழங்கும் மீன் ஊறுகாயும்தான் எல்லார் வீட்டிலும்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலை, மௌரோ துடுப்பை எடுக்கும்போது ஜோவெலின் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"அப்பா, இன்னிக்கு நான் வரல. வயிறு வலிக்குது."

மௌரோ துடுப்பைச் சாத்தி வைத்தான். வெந்நீர் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிக் கொடுத்தான். இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஆற்றித் தலைமாட்டில் வைத்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

"கடல்ல யாராவது நீ எங்கேன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

அவள் யோசித்தாள். "உள்ளதைச் சொல்லுங்க. ஆனா மெதுவாச் சொல்லுங்க."

பாத்தியில் கயிற்றைப் பிடித்து நாற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான்கு பாத்திகளுக்கு அப்பாலிருந்து கார்டிங் கையை வாயில் குவித்துக் கூப்பிட்டான்.

"தனியா வந்திருக்கே. பொண்ணு எங்கடா?"

மௌரோ கயிற்றை விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தான். காற்று எதிர்க்காற்று. நான்கு பாத்தியையும் சுற்றிக்கொண்டு, மூச்சு வாங்க, கார்டிங்கின் படகு விளிம்பைப் பிடித்து நிறுத்தினான். குனிந்து மெல்லச் சொன்னான்.

கார்டிங் கேட்டுக்கொண்டான். சுற்றிலும் ஒருதரம் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு கொக்கைத் தவிர ஆள் கிடையாது. இருந்தும் அவனும் குரலைத் தாழ்த்தினான்.

"எத்தனாவது நாள்?"

"முதல் நாள்."

"இஞ்சித்தண்ணி குடுத்தியா?"

"குடுத்துட்டுத்தான் வந்தேன்."

கார்டிங் தலையாட்டினான். பிறகு, தனக்கும் ஒன்று தெரியும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாதவனாக, இன்னும் கிட்டத்தில் வந்து முணுமுணுத்தான்.

"என் வீட்ல வியாழக்கிழமை வரும். காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன்."